அவிழ்த்த நூலும் அவசரச் சத்தியமும்



மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் நேரமும் அடுப்படி நேரமும் போக எஞ்சும் பொழுதில் நம் கைகள் சும்மா இருப்பதில்லை. மடியில் ஓர் உல்லன் உருண்டையும் கையில் இரண்டு ஊசிகளும் இருக்கும். பதினான்கு ஆண்டுகளாக இப்படித்தான். நம்முடையதோ கடற்கரை ஊர். மார்கழியிலும் மின்விசிறி சுழலும். "இந்த ஊருக்கு எதற்கு ஸ்வெட்டர்?" என்று கேட்காத உறவினர் இல்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் பிறகு தம் பேரப்பிள்ளைக்கு ஒரு தொப்பியாவது வாங்கிக்கொண்டு போனார்கள் என்பது வேறு செய்தி.

கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி உண்டு. முடிந்தவை பிறர் வீடுகளுக்குப் போய்விட்டன. முடியாதவை மட்டும் அதற்குள் கிடக்கின்றன. ஒற்றைக் காலுறை, கழுத்து மட்டும் பின்னிய குழந்தைச் சட்டை, எதற்காகத் தொடங்கினோம் என்று நமக்கே மறந்துபோன ஒரு சதுரம். அந்தப் பெட்டியில் மூன்று ஆண்டுகள் கிடந்த ஒரு சால்வையைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறோம். அதற்குமுன் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

இக்கலையை நமக்குக் கற்றுத் தந்தவர் நம் ராத்தா. அவரை குன்னூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே குளிர் பொல்லாதது. அண்டை வீட்டுப் பெண்களிடமிருந்து அவர் பின்னக் கற்றுக்கொண்டார். ஒரு கோடை விடுமுறையில் நாம் அங்கே போய்த் தங்கியபோது, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நம் விரல்களைப் பிடித்துப் பிடித்துக் காட்டினார். நிட், பர்ல் என்று ஆங்கிலப் பெயர்களையே சொல்லிக்கொடுத்தார். ஊசியில் ஏற்றுகின்ற ஒவ்வொரு வளையத்துக்கும் 'கண்ணி' என்பது நம் வீட்டுச் சொல். வலக்கை ஊசியால் ஒரு கண்ணிக்குள் நுழைந்து, நூலைச் சுற்றி இழுத்து, பழைய கண்ணியை இடக்கை ஊசியிலிருந்து இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதையே ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை செய்ய வேண்டும்.

முதலில் வாப்பாவுக்கு ஒரு மஃப்ளர் பின்னினோம். 40 கண்ணிகளோடு தொடங்கிய அது முடியும்போது 53 கண்ணிகளாக விரிந்திருந்தது. புதிதாகப் பின்னுகிறவர்களுக்கு நேர்வதுதான் இது: வரிசையின் ஓரத்தில் நூல் தவறான பக்கம் விழுந்தால் ஒரு கண்ணி இரண்டாகத் தெரியும், இரண்டையும் பின்னிவிடுவோம். ஒரு முனை ஒடுங்கி மறுமுனை அகன்று முறம்போல் இருந்த அதை, வாப்பா வஃபாத்தாகும்வரை இரண்டு மார்கழிகளிலும் ஸுப்ஹுக்குப் பள்ளிக்குப் போகும்போது கட்டிக்கொண்டு போனார்கள். அகன்ற முனையை உள்ளே மடித்துக்கொள்வார்கள். யாரிடமும் அதைப் பற்றிச் சொன்னதில்லை.

அடுத்தது கொக்கி ஊசி. தொழுகைத் தொப்பி பின்னுவதற்கு அதுதான் வாகு. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தொப்பியின் உச்சி தட்டையான வட்டமாக வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இத்தனை கண்ணிகள் என்று ஒரே சீராகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்; குட்டைக் கண்ணியானால் சுற்றுக்கு ஆறு. குறைத்தால் கிண்ணம்போல் குவிந்துவிடும். மிகுத்தால் அப்பத்தின் ஓரம்போல் சுருங்கி அலையடிக்கும். தலைச் சுற்றளவு 56 செ.மீ. என்றால் உச்சி வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 17 அல்லது 18 செ.மீ. அந்த அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராக இறங்கிவிட வேண்டும். இக்கணக்குத் தெரியாத காலத்தில் நாம் பின்னிய முதல் நான்கு தொப்பிகளும் தேங்காய் மூடிகளாகவே அமைந்தன.

ஐந்தாவது நன்றாக வந்தது. பளபளக்கும் வெள்ளைப் பருத்தி நூல். நம் தெருப் பள்ளியின் முஅத்தின் பெரியவருக்கு அனுப்பினோம். மறுநாளே திரும்பி வந்தது. ஆண்களுக்குப் பட்டு ஆகாது என்று நமக்கே பாடம் சொல்லி அனுப்பியிருந்தார்! பருத்தி நூலைக் காரத்தில் ஊறவைத்து இழுத்துப் பதப்படுத்தினால் பட்டைப்போல் மின்னும் என்பதை விளக்கி, நூல் உருண்டையின் காகிதப் பட்டையையும் சேர்த்து அனுப்பிய பிறகே தலையில் வைத்தார். அவருடைய பேணுதலை நினைத்து இன்றும் நமக்கு மகிழ்ச்சிதான். அன்று மட்டும் கொஞ்சம் கோபம் வந்தது.

பின்னல் என்றாலே குளிர்நாட்டு வெள்ளைக்காரப் பெண்மணிகளின் கலை என்று எண்ணுகிறோம். இன்று உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பின்னல்களில் பல முஸ்லிம்கள் ஆண்ட எகிப்திலிருந்து கிடைத்த பருத்திக் காலுறைகளாகும். நீலமும் வெள்ளையும் கலந்தவை. சிலவற்றில் கூஃபி எழுத்து வடிவத்தைப் பின்னலாகவே அமைத்திருக்கிறார்கள். ஸ்பெயினின் புர்கோஸ் நகர் மடாலயம் ஒன்றில், 1275இல் இறந்த ஓர் இளவரசரின் கல்லறையில் கிடைத்த பட்டுத் தலையணை உறையின் ஓரத்தில் 'பரக்கத்' என்ற அரபுச் சொல் திரும்பத் திரும்பப் பின்னப்பட்டிருக்கிறது. கிறிஸ்தவ இளவரசரின் தலைமாட்டில் பரக்கத்! அதைப் பின்னியவர் ஒரு முஸ்லிமாக இருந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கருத்து. நம் மாணவிகளிடம் இதைச் சொன்னபோது ஒருத்தி, "அவர்கள் ஒளுவோடு பின்னியிருப்பார்களா உஸ்தாபி?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியாத கேள்விகளைப் பிள்ளைகள்தாம் கேட்கிறார்கள்.

இன்னொருத்தி வேறொன்று கேட்டாள்: நாம் பின்னிய காலுறையின்மீது மஸஹ் செய்யலாமா? அதற்குப் பதில் இருந்தது. இப்படிக் கண்ணி கண்ணியாக நீர் ஊடுருவும் மெல்லிய பின்னலுக்கு ஷாஃபிஈ மத்ஹபிலும் இடமில்லை, ஹனஃபீ மத்ஹபிலும் இடமில்லை. "அப்படியானால் இதைப் பின்னி என்ன பயன்?" என்றாள். சில நாள்களில் நமக்கும் அதே ஐயம் எழுவதுண்டு.

ஏனெனில் இந்தப் பொழுதுபோக்கில் ஒரு நோய் உண்டு. 'இன்னும் ஒரே ஒரு வரிசை' என்பது அதன் பெயர். பாங்கு ஒலிக்கும், இந்த வரிசையை முடித்துவிட்டு எழலாம் என்று மனம் சொல்லும். முடித்தால் அடுத்த வரிசையில் பூ விரியப்போகிறது. அதையும் பார்த்துவிடலாமே என்று தோன்றும். ஒருநாள் நாம் அஸர் தொழுது ஸலாம் கொடுக்கவும் மஃரிப் பாங்கு ஒலிக்கவும் சரியாக இருந்தது. பிள்ளைகளுக்குத் தொழுகையின் நேரங்களைப் பாடம் நடத்துகிற நாம்! அன்றிரவு ஊசியைத் தொடவில்லை. அன்றுமுதல் பாங்கு கேட்டால் நடு வரிசையானாலும் வைத்துவிடுவது என்று வழக்கப்படுத்திக்கொண்டோம். நடு வரிசையில் விட்டால் திரும்ப வரும்போது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்பது மறந்துவிடும் என்று அஞ்சுவார்கள். உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அதை வலக்கையில் பிடித்துக்கொண்டால் போதும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு சாக்குச் சொல்ல இடமில்லாமற் போயிற்று.

இனிச் சால்வையின் கதை.

உம்மா தம் கடைசி ஆண்டின் பெரும்பகுதியை ராத்தா வீட்டில் கழித்தார்கள். அங்கே இருந்தபோது தம் கைக் காப்பு ஜோடியை ராத்தாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். உம்மா வஃபாத்தான பின்பு பங்கு பிரிக்க உட்கார்ந்தபோதுதான் அது தெரிந்தது. நாம் வாரிசுரிமைச் சட்டத்தை ஓதிக்கொடுக்கிறவர்கள். மரண நோயில் ஒருவர் தம் வாரிசுகளில் ஒருவருக்குக் கொடுத்தது, மற்ற வாரிசுகள் இசைந்தாலன்றிச் செல்லாது என்பதை நாம் அறிவோம். அதை அந்தச் சபையிலேயே சொன்னோம். "உம்மா நோயில் விழுவதற்கு முன்னாலேயே குடுத்தாங்க புள்ள," என்றார் ராத்தா. சாட்சி கேட்டோம். அந்தச் சொல்லுக்கு அவர் முகம் போன போக்கை இங்கே எழுத இயலவில்லை. காக்கா, "விட்டுவிடுங்கள், எனக்கு ஒன்றும் வேண்டாம்," என்று எழுந்து போனார். பேச்சு வளர்ந்தது. இறுதியில், இனி உங்கள் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று அல்லாஹ்வின்மீது சத்தியம் செய்துவிட்டு வந்தோம்.

சட்டம் தவறில்லை. அதை நாம் எடுத்த விதத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஓதிய கல்வியைக் கத்தியாக்கிக் கூடப்பிறந்தவரிடமே நீட்டினோம்.

அப்போது நம் ஊசியில் ராத்தாவுக்கான சால்வைதான் பாதியில் இருந்தது. கரும்பச்சை நிறம், நல்ல கம்பளி, 8ஆம் எண் ஊசி. அதுவும் முதலிலேயே ஒருமுறை வம்பு செய்திருந்தது. பெரியதாக எதையும் தொடங்குமுன் ஒரு மாதிரித் துண்டு பின்னி 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணிகள் என்று எண்ண வேண்டும். பொறுமையில்லாமல் அதைத் தாண்டிப் போனோம். 22 வரும் என்று நினைத்த இடத்தில் 20தான் வந்தது. இரண்டுதானே என்று தோன்றும். 200 கண்ணிகளில் பார்த்தால் 91 செ.மீ. இருக்க வேண்டியது ஒரு மீட்டராகிறது. அவ்வளவு அகலத்துக்கு நம்மிடம் நூல் போதாது. அவிழ்த்துவிட்டுத் திரும்பத் தொடங்கி அரை மீட்டர் நீளம் வந்திருந்த நிலையில்தான் சண்டை வந்தது. ஊரிலிருந்து வந்த அன்றே அதை ஊசியோடு பெட்டியில் போட்டு மூடினோம்.

மூன்று ஆண்டுகள். பெருநாள்தோறும் கைபேசியில் ஸலாம் சொல்லிவிடுவோம். சகோதரரை மூன்று நாள்களுக்குமேல் வெறுத்து விலகியிருத்தல் ஆகாது என்பது நபிமொழி. ஸலாம் சொன்னால் அந்தக் குற்றத்திலிருந்து நீங்கியதாகும் என்பதை வசதியாகப் பிடித்துக்கொண்டோம். அவரும் பதில் ஸலாம் சொல்வார். அதற்குமேல் இருவருக்கும் சொல் இல்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் வகுப்பில் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 92ஆம் வசனம் வந்தது. சத்தியங்களை உறுதிப்படுத்திய பின் முறிப்பவர்களுக்கு, நூலை உறுதியாக நூற்றபின் தானே பிரித்துப் போட்டுவிடும் ஒரு பெண்ணை அல்லாஹ் உவமை காட்டுகிறான். மக்காவில் அப்படி ஒரு பேதைப் பெண் இருந்தாள் என்று விரிவுரையாளர்களில் சிலர் சொல்வர். வேறு சிலர் உவமை மட்டுமே என்பர். இதை விளக்கிக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் இருந்த ஒருத்தி, "நீங்களும் நேற்று ஒரு தொப்பியை அவிழ்த்தீர்களே உஸ்தாபி, அது பாவமா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம்.

ஆனால் நல்ல கேள்வி அது. அந்த வசனத்தில் வரும் 'அன்காஸ்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினோம். முறுக்கேற்றிய நூலின் முறுக்கையே பிரித்து உதிரி இழைகளாக ஆக்கிவிடுவதைக் குறிக்கும் சொல் அது. அப்பெண் அழித்தது நூலையே. அதற்குப்பின் அவள் கையில் மிஞ்சியது வெறும் பஞ்சுதான். பின்னலை அவிழ்க்கிறவளின் கையிலோ நூல் முழுதாக இருக்கிறது. தவறு நேர்ந்த வரிசைவரை அவிழ்த்துவிட்டு அந்நூலாலேயே திரும்பப் பின்னலாம். அவிழ்க்காமல் மேலே மேலே பின்னிக்கொண்டு போனால்தான் தவறு உள்ளேயே தங்கிவிடும். இப்படியெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, நல்ல விளக்கம் தந்துவிட்டோம் என்ற நிறைவில் புத்தகத்தை மூடப்போனோம்.

அப்போது பின்வரிசையிலிருந்து, அதிகம் பேசாத ஒரு பிள்ளை எழுந்தாள். "என் மாமி மகளோடு இனிப் பேசமாட்டேன் என்று வல்லாஹி போட்டுச் சொல்லிவிட்டேன். அதையும் முறிக்கக் கூடாதா?"

பதில் நமக்கு மனப்பாடம். நன்மை செய்வதற்கும் மனிதர்களிடையே இணக்கம் ஏற்படுத்துவதற்கும் உங்கள் சத்தியங்களில் அல்லாஹ்வின் பெயரைத் தடையாக ஆக்காதீர்கள் என்ற கருத்துள்ள அல்பகரா 224ஆம் வசனத்தைச் சொன்னோம். ஒன்றின்மீது சத்தியம் செய்தவர் அதைவிடச் சிறந்ததைக் கண்டால் சிறந்ததைச் செய்துவிட்டுச் சத்தியத்துக்குப் பரிகாரம் கொடுக்கட்டும் என்ற நபிமொழியைச் சொன்னோம். அல்மாயிதா 89இன்படி பத்து ஏழைகளுக்கு உணவு, அல்லது உடை, அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்தல். இவற்றுக்கு வசதியில்லாதவர் மட்டுமே மூன்று நாள் நோன்பு என்றோம். பலரும் நேராக நோன்புக்குப் போய்விடுகிறார்களே, வசதியுள்ளவருக்கு அது பரிகாரமாகாது என்பதையும் அழுத்திச் சொன்னோம். சொல்லச் சொல்ல நம் குரல் நமக்கே வேறெவருடையதோபோல் கேட்டது. அந்தப் பிள்ளை, "அப்படியானால் இன்றைக்கே பேசிவிடுகிறேன்," என்று உட்கார்ந்தாள். பதினான்கு வயது. ஒரு நொடியில் முடித்துவிட்டாள்.

அன்றிரவு பெட்டியைத் திறந்தோம். பாச்சை உருண்டை போட மறந்திருந்தோம். கம்பளியைப் பூச்சிப் புழு விரும்பித் தின்னும். செயற்கை நூலாக இருந்தால் தொட்டிருக்காது. சால்வையில் இரண்டு இடங்களில் விரல் நுழையும் ஓட்டைகள். அவற்றைத் தைத்து மூடிவிடலாமா என்று முதலில் பார்த்தோம். விளக்கடியில் விரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது: அடியிலிருந்து பதினெட்டாவது வரிசையில், சண்டைக்கெல்லாம் வெகு முன்பே, பூவேலையின் ஓர் இதழை மாற்றிப் பின்னியிருந்தோம். அன்று எப்படிக் கண்ணில் படாமற் போயிற்றோ தெரியவில்லை. ஊசியை உருவிவிட்டு நூல் முனையை இழுத்தோம். சரசரவென்று அவிழ்ந்து வந்தது. பல வாரங்கள் பின்னியது அரை மணி நேரத்தில் மடியில் நூலாகக் கிடந்தது. பூச்சி அறுத்த இடங்களில் மட்டும் தனித்தனித் துண்டுகள்.

அவிழ்த்த கம்பளி நேராக இருக்காது; பின்னலாக இருந்த நினைவு அதில் சுருள் சுருளாகத் தங்கிவிடும். அப்படியே பின்னினால் துணி மேடு பள்ளமாகும். நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிழியாமல் துவட்டி, அடியில் சிறு பாரம் தொங்கவிட்டுக் காயப்போட வேண்டும். இரண்டு நாளில் சுருள் நீங்கிற்று. பூச்சி தின்ற துண்டுகளைக் கழித்தால் நூல் குறைந்தது. அதே நிறத்தில் அதே கம்பெனி நூல் வாங்கினோம். ஆனால் சாயத் தொகுதி எண் வேறு. கடையில் ஒன்றுபோலத் தெரிந்தது. வீட்டு வெளிச்சத்தில் புதியது ஒரு சாயல் வெளிறியது. இரண்டு வரிசை பழைய நூல், இரண்டு வரிசை புதிய நூல் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் வேறுபாடு உறுத்தாது. முழுதும் மறைந்துவிடும் என்று சொல்ல மாட்டோம். இம்முறை மாதிரித் துண்டும் பின்னினோம். இரண்டு மாதத்தில் முடிந்தது.

சத்தியத்தை முறிக்குமுன்பே பொருட்பரிகாரத்தைக் கொடுத்துவிடலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. ஆளுக்கு ஒரு முத்து அரிசி கொடுத்தாலே போதும். நாம் பத்து வீடுகளுக்கும் ஆளுக்கு ஒரு கிலோவாகக் கொடுத்தோம். எதற்கு என்று கேட்டவர்களிடம் சத்தியப் பரிகாரம் என்று மறைக்காமல் சொன்னோம். உஸ்தாபியே சத்தியத்தை முறிப்பதா என்று ஒருவர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்து வளைந்து வளைந்து ஏறும்போது வயிற்றைப் புரட்டியது பாதி வளைவுகளால், பாதி அச்சத்தால். முன்கூட்டிச் சொல்லவில்லை. கதவைத் திறந்த ராத்தா நம்மைக் கண்டதும் முதலில் கேட்டது, "பஸ்லயா வந்தா? வாந்தி எடுத்தியா?" என்பதுதான். சிறு வயதிலிருந்தே நமக்கு மலைப்பாதை ஆகாது. உள்ளே கூட்டிப்போய் இஞ்சித் தேநீர் வைத்தார். வாசற்படியை மிதித்தது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சால்வையை எடுத்துக் கொடுத்தோம். கையால் தடவிப் பார்த்தவர், சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "ரெண்டு கலரா இருக்கே புள்ள." பின்னக் கற்றுக்கொடுத்தவரின் கண்ணை ஏமாற்ற முடியுமா? பூச்சி தின்றதைச் சொன்னோம். பெட்டியில் போட்டு மூடியதையும் சொன்னோம். கொஞ்ச நேரம் இருவரும் அழுதோம். பிறகு அவர் எழுந்து பீரோவைத் திறக்கப் போனார். எதற்கென்று நமக்குத் தெரிந்தது. கையைப் பிடித்து நிறுத்தி, காப்பில் நமக்கு ஏதேனும் பங்கு இருந்திருந்தால் அதை மனமுவந்து விட்டுக்கொடுத்துவிட்டோம், காக்காவும் அன்றே விட்டுக்கொடுத்துவிட்டார், சட்டப்படியும் இனி அது உங்களுடையது என்றோம். "அதை நான் ஒருநாள்கூடப் போட்டுக்கிட்டதில்ல," என்றார். உம்மா எப்போது கொடுத்தார்கள் என்று நாம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்கு மாதம் கழித்து ஒரு காலை, கைபேசியில் ராத்தாவின் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் பின்னால், வாசலில், காய்கறிக் கூடையோடு ஒரு முதிய பெண்மணி நின்றிருந்தார். அவர் தோளில் நம் கரும்பச்சைச் சால்வை!

"பாவம், குளிர்ல நடுங்கிக்கிட்டு வந்துச்சு. நல்லாருக்குன்னு தொட்டுத் தொட்டுப் பாத்துச்சு. குடுத்துட்டேன்," என்றார் ராத்தா, ஒன்றுமே நடக்காததுபோல.

சிரித்துவிட்டுப் பேச்சை முடித்தோம். ஆனால் அன்று பகல் முழுதும் ஒரு வேலையும் ஓடவில்லை. அவிழ்த்து, அலசி, ஒட்டுப்போட்டு, பரிகாரம் கொடுத்து, மலையேறிக் கொண்டுபோய்ச் சேர்த்தது! ஊட்டிச் சந்தையில் திபெத்தியர் விற்கும் சால்வைகளில் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கக் கூடாதா என்று மனம் பொருமிற்று. ஹதியா கொடுத்தபின் அதில் நமக்கென்ன உரிமை என்று சட்டம் சொல்கிற வாய், அன்று திறக்கவில்லை.

இரவில்தான் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் நினைவில் வந்தது. புகாரியில், கஃபனைக் குறித்த பாடத்தில் வருவது; எத்தனையோ முறை ஓதிக்கொடுத்தது. ஒரு பெண்மணி தம் கையாலேயே நெய்த, கரைவைத்த ஒரு மேலாடையை நபி (ஸல்) அவர்களுக்கு அணிவிக்கவென்றே கொண்டுவந்தார்கள். நபியவர்களுக்கும் அது தேவையாக இருந்தது. வாங்கி அணிந்துகொண்டு வெளியே வந்தார்கள். ஒருவர் அதன் அழகைக் கண்டு தமக்குத் தருமாறு கேட்டார். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத நபியவர்கள் அதைக் கொடுத்துவிட்டார்கள். தோழர்கள் அவரைக் கடிந்துகொண்டார்கள். தமக்குக் கஃபனாக வேண்டுமென்றே கேட்டதாக அவர் சொன்னார். அவ்வாறே அது அவருக்குக் கஃபனாயிற்று.

இதுவரை இதை ஓதும்போதெல்லாம் நபியவர்களின் வள்ளன்மையைப் பற்றியும் கேட்ட தோழரின் ஆசையைப் பற்றியுமே பேசி வந்திருக்கிறோம். நெய்த பெண்மணியைப் பற்றி நாம் ஒருமுறையும் யோசித்ததில்லை. அந்த அறிவிப்பில் அவர்களுடைய பெயர்கூட இல்லை. எத்தனை நாள் தறியில் உட்கார்ந்தார்களோ! தம் கைத்துணி நபியவர்களின் மேனியில் சிறிது நேரமே தங்கி வேறொருவரிடம் போனதைக் கேள்விப்பட்டபோது அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அறிவிப்பாளர் சொல்லவில்லை. வருந்தினார்களா, மகிழ்ந்தார்களா? அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் வேலை செய்து அதை ஸதகாவாகக் கொடுத்து வந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) சொல்லும் ஹதீஸும் உடன் நினைவுக்கு வந்தது. அவர்கள் கொடுத்தவை யார் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்று கணக்கு வைத்திருப்பார்களா? நாம் வைத்திருந்தோம், அதுதான் அந்தப் பகலின் வேதனை.

ஸுப்ஹு தொழுதுவிட்டு ராத்தாவை அழைத்தோம். சால்வையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவராகவே தொடங்கினார்: "கோவமா புள்ள?" இல்லை என்றோம். அந்நேரத்துக்கு அது ஓரளவு உண்மையாகவே இருந்தது. "அப்பன்னா ஒண்ணு கேக்கவா? அந்தம்மாவுக்குத் தோளு சூடாயிடுச்சாம், வெரலுதான் வெறைக்குதாம். ஒரு ஜோடி கையுறை பின்னித் தர்றியா?"

கையுறை நமக்கு வரவே வராது. ஐந்து விரலையும் தனித்தனியே வட்டமாகப் பின்ன வேண்டும். விரல்கள் சேருமிடத்தில் ஓட்டை விழும். அதை மூடக் கண்ணிகளைக் கூட்டினால் அங்கே புடைத்துக்கொள்ளும். தகரப் பெட்டியில் நம் பழைய முயற்சி ஒன்று மூன்று விரல்களோடு கிடக்கிறது. ஆகட்டும் என்றோம். சால்வையில் மிஞ்சிய கரும்பச்சையில், 10ஆம் எண் ஊசியில், இதுவரை சுண்டுவிரலும் மோதிர விரலும் முடிந்திருக்கின்றன. கட்டைவிரலை முதலிலேயே இரண்டுமுறை பின்னிப் பார்த்து இரண்டுமுறையும் அவிழ்த்துவிட்டோம். அந்த அம்மையாரின் கை அளவை ராத்தா ஒரு தாளில் வரைந்து படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். விரல்கள் நாம் நினைத்ததைவிடக் குட்டையாக, கணுக்கள் பருத்து இருக்கின்றன. நடுவிரலை இன்று இஷாவுக்குப் பிறகு தொடங்க வேண்டும்.